காணி விற்கக் கை தூக்கிய ஞாயிறு

கூட்டத்துக்கு நாள் குறிப்பது கிளார்க்கின் வேலை என்றுதான் உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். கலண்டரைப் பார்க்க வேண்டும், பௌர்ணமி லீவான போயா நாளைத் தவிர்க்க வேண்டும், அறிவித்தலுக்கும் கூட்டத்துக்கும் இடையில் பதினான்கு நாள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். இருபத்தெட்டு வருஷம் அப்படியே செய்தேன். இருபத்தொன்பதாவது வருஷத்தில் ஒரு நாளைக் குறித்தேன் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களில் பாதிப் பேர் பட்டதாரிகள். நான் சாதாரண தரம் வரைதான் படித்தவன். பதுளையில் நம் தண்ணீர் ஆபிஸில் கோப்புத் தூக்கும் வேலைக்குச் சேர்ந்து, வாய்க்கால் ஓரமாக நடந்து நடந்தே உத்தியோகத்தர் ஆனவன். புத்தகத்தில் படிக்காததை ஆட்களின் வாயிலிருந்து கேட்டு வைத்துக்கொண்டேன். யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் பஸ் டிக்கட்டின் பின்புறத்தில் எழுதிக்கொள்வேன். வீட்டில் ஒரு பிஸ்கட் டின் நிறைய அந்த டிக்கட்டுகள் இருக்கின்றன.

மடுல்சீமைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்தில் ஓர் அம்மா சொன்னதும் அதில் இருக்கிறது. நான் ஏதோ ஒரு திட்டத்தை விளக்கி முடித்துவிட்டு, "எல்லாரும் தலையாட்டினீங்க, ரொம்ப சந்தோஷம்" என்றேன். அந்த அம்மா சொன்னார்: "ஆபிஸ்காரங்க பேசினா நாங்க தலையாட்டுவோம் சேர். அது சம்மதம் இல்லீங்க, கழுத்துக்குப் பழக்கம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டதோடு சரி. கேட்டதை எழுதுவது வேறு, கேட்டபடி நடப்பது வேறு என்று விளங்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

இப்போது சொல்லப் போகும் இடத்தின் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், எல்லோரும் ஒரே கடையில்தான் சாமான் வாங்குகிறார்கள். பதுளையிலிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேலே தேயிலை, கீழே ஆறு. ஆற்றில் ஒரு சின்ன அணைக்கட்டு. அதிலிருந்து ஒரு மண் வாய்க்கால் மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு இரண்டு மைல் போகிறது. வாய்க்காலின் தலைப் பக்கத்தில் கடைத்தெருக்காரர்களின் காணிகள். கடைசிப் பக்கத்தில், தோட்டத்து லயங்களில் இருந்துகொண்டு கால் ஏக்கர், அரை ஏக்கரில் போஞ்சியும் கோவாவும் என்று காய்கறி போடுகிறவர்களின் துண்டுகள். இந்த இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே நீர்ப் பாவனையாளர் சங்கம்.

அந்தச் சங்கத்துக்கு மெயின் ரோட்டோரம் ஒரு காணி இருந்தது. ஒரு காலத்தில் உரம் அடுக்கி வைத்த களஞ்சியம் அதில் நின்றது. நான் பார்த்தபோது கூரை போய், சுவர் மட்டும் மிச்சம். அங்கே நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். நமக்கு அது பள்ளத்தாக்கு. கொழும்பிலிருந்து வந்த ஒருவருக்கு அது 'வியூ'. வெளிநாட்டுக்காரர் தங்குவதற்கு விடுதி கட்டப் போவதாகச் சொல்லி, நல்ல விலைக்குக் கேட்டார்.

சங்கத்துக்கும் விற்க வேண்டிய தேவை இருந்தது. அதற்கு முந்தைய மழையில் மேட்டு மண் சரிந்து அணைக்கட்டில் விழுந்து, சுவரில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதைந்த பிறகு இந்தப் பக்கத்தில் யாரும் மண் சரிவைச் சின்னதாகப் பேசுவதில்லை. சுவரைத் திருத்த வேண்டும், முடிந்தால் வாய்க்காலுக்கும் சிமெந்து போட வேண்டும் என்பதுதான் சங்கத் தலைவரின் கனவு. தலைவர் மாணிக்கம் மாஸ்டர், பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். ஆனால் அவசரக்காரர். "மாஸ்டருக்கு நாளைக்கு விடியறதே லேட்டுதான்" என்று ஊரில் சொல்வார்கள். அதுவும் என் டின்னில் இருக்கிறது.

சங்கத்தின் காணியை விற்க அங்கத்தவர்களின் சம்மதம் வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அங்கத்தவர்களில் பாதிப் பேராவது பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு கை தூக்க வேண்டும். நம்முடைய உத்தியோகத்தர் ஒருவர் தலைமை தாங்கி, எண்ணி, கையெழுத்து வைக்க வேண்டும். அந்த உத்தியோகத்தர் நான். அந்தப் பக்கத்துக்கு மாற்றலாகி வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

நாள் குறிக்க மாஸ்டரும் நானும் கடைத்தெருவில் பிளேன் டீ குடித்துக்கொண்டே பேசினோம்.

"ஞாயித்துக்கெழம வைப்போமா மாஸ்டர்? தோட்டத்து ஆளுங்களுக்கும் அன்னிக்குத்தானே லீவு."

மாஸ்டர் என்னை ஒரு கணம் பார்த்தார். "சேர் சொன்னா சரி" என்றார்.

தோட்டத்து ஆட்களைப் பற்றி யோசித்தேன் என்று எனக்கு என் மேலேயே ஒரு திருப்தி. அந்த ஒரு கணப் பார்வையை நான் கண்டேன். அதில் ஏதோ இருக்கிறது என்றும் பட்டது. டீ ஆறுகிறது என்று விட்டுவிட்டேன்.

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. பாதிக்கு மேல் வந்திருந்தார்கள். அவ்வளவு ஒழுங்கான கூட்டத்தை நான் அதற்கு முன் நடத்தியதில்லை. துவைத்த சட்டை, சீவிய தலை, நேரத்துக்கு வந்தார்கள், இடையில் சத்தம் இல்லை. மாஸ்டர் அணைக்கட்டைப் பற்றிப் பேசினார். கேள்வி கேட்கச் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. காய்கறி லொறி வைத்திருக்கும் ஹனிபா நானா முன்வரிசையில் இருந்தார். அவருக்கும் தலைப் பக்கத்தில் ஒரு துண்டுக் காணி உண்டு. கையைத் தூக்கிக்கொண்டே மற்றக் கையில் மணி பார்த்தார். எல்லாக் கையும் மேலே இருந்தது. எண்ணினேன், எழுதினேன், கையெழுத்து வைத்தேன். மொத்தம் நாற்பது நிமிடம்.

அன்று அந்த மண்டபத்தில் ஒருவர் காலிலும் சேறு இல்லை. தண்ணீர்ச் சங்கத்தின் கூட்டத்தில் ஒரு காலிலும் சேறில்லை என்றால் உத்தியோகத்தர் யோசிக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை, மண்டபம் சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் வாய்க்காலோரமாக நடந்தேன். தலைப் பக்கம் முழுவதும் மதகுப் பலகைகள் அடைத்துக் கிடந்தன, வாய்க்காலில் ஓர் ஆள் இல்லை. கடைசிப் பக்கம் போகப் போக ஆட்கள் தென்பட்டார்கள். ஒவ்வொரு துண்டின் முனையிலும் ஒருவர், கையில் மம்பட்டி, முழங்கால் வரை சேறு. அறிவித்தல் கொடுக்கப் போனபோது நான் பார்த்த முகங்கள். ஒருவர்கூட கூட்டத்துக்கு வந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

முதலில் நின்றவர் ரோசலின். நாற்பது வயதிருக்கும், தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர், கணவர் இல்லை. தன் பெயரிலேயே சங்கத்தில் அங்கத்தவர்.

"கூட்டத்துக்கு வரல்லியாம்மா?" என்றேன்.

அவர் தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நோட்டிஸ் வந்துச்சு சேர். ஞாயித்துக்கெழம காலைல பத்து மணின்னு போட்டிருந்துச்சு. நாங்க வர வேணாம்னு சொல்றாங்கன்னு வெளங்கிக்கிட்டோம்."

"யாரும்மா வர வேணாம்னு சொன்னது?"

அப்போதுதான் நிமிர்ந்தார். "சேர், நீங்க தண்ணி ஆபிஸ்தானே? ஞாயித்துக்கெழம யாருக்குத் தண்ணின்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அந்த வாய்க்காலில் தண்ணீர் முறைவைத்துப் போகிறது. ஒவ்வொரு நாளும் ஒரு பகுதிக்கு. அதை எந்தக் கந்தோரும் கோப்பில் எழுதவில்லை, அவர்களே எப்போதோ பேசி வைத்துக்கொண்டது. கடைசிப் பக்கத்துக்கு ஞாயிறு. ஏன் ஞாயிறு? மற்ற ஆறு நாளும் காலையில் தோட்டத்துப் பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பெயர் கொடுத்து மலையேறுகிற ஆட்களுக்கு, தங்கள் துண்டுகளுக்குத் தண்ணீர் கட்ட ஞாயிறு ஒன்றுதான் மிச்சம். அவர்களுக்கு லீவு என்று எந்த நாளை நான் தேர்ந்தேனோ, அவர்கள் வாரத்தில் அசைய முடியாத ஒரே நாள் அதுதான். விட்டுவிட்டு வந்தால் மேலே யாராவது பலகையைத் தூக்கிவிடுவார்கள். அடுத்த தண்ணீர் ஏழு நாள் கழித்து.

பக்கத்துத் துண்டில் நின்ற சவரிமுத்து அண்ணன் குரல் கொடுத்தார்: "நாங்க பூசைக்கே போகல சேர்! 'தண்ணி நாள்'னு சொன்னா ஃபாதரே விட்டுர்றாரு. ஒங்க ஆபிஸ் கோயிலவிடப் பெருசா?"

அங்கங்கே சிரிப்பு எழுந்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. காணியை விற்க முடிவாகிவிட்டது என்று சொன்னேன்.

"விக்கட்டும் சேர்" என்றார் ரோசலின். "சும்மாதானே கெடக்கு. ஆனா பாதைய என்ன பண்ணுவாங்க?"

"எந்தப் பாதை?"

மம்பட்டிப் பிடியால் காட்டினார். அவர்களுடைய துண்டுகளிலிருந்து ஓர் ஒற்றையடிப் பாதை மேலேறி, சங்கத்துக் காணியின் நடுவால் போய் ரோட்டில் முடிகிறது. பழைய களஞ்சியத்து வாசலில்தான் ஹனிபா நானாவின் லொறி நிற்கும். பையிலிருந்த வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். பாதை அதில் இல்லை. தன் சொந்தக் காணிக்குள் நடக்கிற பாதையை எந்தச் சங்கம் வரைந்து வைக்கும்?

"வாங்குறவரு வேலி அடிப்பாரா சேர்?"

"அடிப்பார்."

அவர் மம்பட்டியைக் கரையில் ஊன்றினார். பிறகு எனக்குக் கணக்குப் பாடம் சொல்வதுபோல் சொன்னார். "கொழுந்த தராசுல நிறுத்துட்டு நான் கீழ வர அஞ்சு மணி. இப்பிடியே மூட்டையத் தூக்கினா பத்து நிமிஷத்துல ரோட்டுல நிப்பேன். நானா அஞ்சரைக்கு லொறிய எடுத்துருவாரு. இந்தப் பாதை இல்லாட்டி தேயிலைக்குள்ளால ஏறி, லயத்தச் சுத்திப் போகணும். தலையில மூட்டையோட முக்கா மணி நேரம். போறதுக்குள்ள லொறி பதுளைக்கே போயிரும். இந்தப் போஞ்சியிலதான் சேர் எம் புள்ளைங்க ரெண்டும் படிக்குது. தோட்டத்துச் சம்பளம் வாய்க்கும் வயித்துக்கும்தான்."

நான் என் பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டேன். என் கையெழுத்துப் போட்ட அறிக்கை அதற்குள் இருந்தது.

திங்கட்கிழமை அதை எங்கள் உதவிப் பணிப்பாளரிடம் கொண்டுபோனேன். என் மகள் வயதுப் பெண். நாங்கள் எல்லோரும் அவரை 'மிஸ்' என்போம். முழுவதையும் வாசித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"பாதிக்கு மேல வந்திருக்காங்க. நோட்டிஸ் சரி. எண்ணிக்கை சரி. ஏன் முகம் இப்படி இருக்கு?"

"கடைசிப் பக்கத்துல இருந்து ஒருத்தரும் வரல்ல மிஸ்."

"கூப்பிட்டீங்கதானே?"

"கூப்பிட்டேன். வர முடியாத நாள்ல கூப்பிட்டேன்." நடந்ததைச் சொன்னேன்.

மிஸ் யோசித்தார். "பாவம்தான். ஆனா சட்டத்துல எல்லாம் சரியா இருக்கே. எந்தக் காரணத்த எழுதி நான் இதைத் திருப்பி அனுப்புறது?"

"நாள் குறிச்ச உத்தியோகத்தர் தண்ணீர் முறைய விசாரிக்கல்லன்னு நானே எழுதித் தரலாம்."

"அது ஒங்க ஃபைல்ல நிக்கும். ஓய்வுக்கு ரெண்டு வருஷம் இருக்கு, இன்னொரு பதவி உயர்வு வேற வர இருக்கு. தெரியும்தானே?"

இந்த இடத்தில் நான் நெஞ்சை நிமிர்த்தி "பரவாயில்லை மிஸ்" என்று சொன்னதாக உங்களிடம் சொல்ல ஆசைதான். சொல்லவில்லை. "ஒரு டீ குடிச்சிட்டு வாறேன் மிஸ்" என்றேன். கன்டீனில் உட்கார்ந்து, சட்டப்படி எல்லாம் சரி என்று மேலதிகாரியே சொல்லும்போது நான் ஏன் இழுக்க வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது மாணிக்கம் மாஸ்டர் போனில் வந்தார்.

"சேர், காகிதம் போயிருச்சா? வாங்குறவர் மாசக் கடைசிக்குள்ள பதில் கேக்குறார். இல்லாட்டி எல்ல டவுன் பக்கம் வேற காணி பாத்து வச்சிருக்காராம்."

"மாஸ்டர், ஒரு விஷயம். ஞாயிறு கடைசிப் பக்கத்துக்குத் தண்ணி நாள்னு ஒங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். நாள் சொன்னது நீங்க. நான் மறுக்கல்ல. மறுக்கணும்னு சட்டம் இருக்கா சேர்?"

"இல்ல மாஸ்டர்."

"நான் களவெடுக்கல்லியே. என் வீட்டுக்கா கேக்குறேன்? அடுத்த மழைக்கு அணை போச்சுன்னா தலைப் பக்கமும் இல்ல, கடைசிப் பக்கமும் இல்ல. அவங்க வந்தா பாதையத்தான் பேசுவாங்க. அணைக்கட்ட யாரு பேசுறது?"

நான் கோப்பையை வைத்துவிட்டேன். அவர் சொன்னதில் பாதி உண்மை. அணைக்கட்டு உண்மையிலேயே வெடித்துத்தான் இருந்தது. ஆனால் பாதையைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. அப்படியென்றால் அந்த டீக்கடையில் என்னைப் பார்த்த அந்த ஒரு கணத்தில் அவர் மனதில் பாதையும் இருந்திருக்கிறது. என் அறியாமை அவருக்குக் கைக்கு வசதியாக இருந்தது, எடுத்துக்கொண்டார். அறியாமை என்னுடையதுதானே, வேறு யாரைக் குறை சொல்வது?

மேலே போய் ஒரு பக்கம் எழுதினேன். மிஸ் வாசித்தார். கீழே தன் கையால் இரண்டு வரி சேர்த்தார். தண்ணீர் முறையை விசாரிக்கும்படி நமது படிவமே கேட்பதில்லை, ஆகவே இது உத்தியோகத்தர் ஒருவரின் பிழை மட்டுமல்ல என்று. இன்றைக்கு நீங்கள் நிரப்புகிற படிவத்தில் 'நீர் முறை நாட்கள்' என்று ஒரு கட்டம் இருக்கிறதல்லவா? எதற்கென்று தெரியாமல் அதில் கோடு போட்டுவிட்டுப் போகிறீர்களே, அது அப்படி வந்த கட்டம். பதவி உயர்வு எனக்கு வரவில்லை. இதனால்தானா என்று தெரியாது, நான் விசாரிக்கவும் இல்லை.

முதல் கூட்டத்தின் தீர்மானம் தள்ளுபடியானது, அடுத்த கூட்டத்துக்கு நாள் குறிக்க வேண்டும். இந்தத் தடவை கலண்டரை எடுக்கவில்லை, கடைசிப் பக்கத்துக்குப் போனேன். எந்த நாள் சொன்னாலும் யாராவது ஒருவருக்குத் தண்ணீர் நாள். திங்கள் தலைப் பக்கம், செவ்வாய் அதற்கடுத்தது, இப்படியே ஏழும் போயிற்று. சவரிமுத்து அண்ணன்தான் சொன்னார்: "யாருக்குமே தண்ணி இல்லாத நாளாப் பாருங்க சேர். வாய்க்கா வெட்டுற அன்னிக்கு வைங்க."

வருஷத்தில் இரண்டு தடவை அணையில் பலகையைப் போட்டுத் தண்ணீரை ஆற்றுக்கே திருப்பிவிட்டு, எல்லோரும் சேர்ந்து வாய்க்காலில் மண் வாருவார்கள். அங்கத்தவர் ஒவ்வொருவருக்கும் இத்தனை அடி என்று பங்கு. அன்றைக்கு யாரும் தண்ணீர் காக்க வேண்டியதில்லை. தோட்டத்திலும் சொல்லிவிட்டு லீவு எடுத்துக்கொள்வார்கள், அது பழைய வழக்கம்.

அதில் ஒரு வேடிக்கையும் இருந்தது. தலைப் பக்கத்துக்காரர்கள் தங்கள் பங்கு மண்ணை வாரக் கூலிக்கு ஆள் அனுப்புவது வழக்கம். கூலிக்கு வந்தவர் கை தூக்க முடியாதே? வாக்கு வேண்டுமென்றால் அங்கத்தவரே வர வேண்டும். மாஸ்டர் வீடு வீடாகப் போய் அழைத்தார். அன்று காலை வந்து பார்த்தால், பல வருஷமாக வாய்க்கால் பக்கம் தலைகாட்டாதவர்கள் புது மம்பட்டியோடு வரிசையாக நிற்கிறார்கள். ஹனிபா நானா பாதி மண்ணைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டார்.

"நானா, மண்ண வாய்க்காலுக்கு வெளியில போடணும்" என்றார் ரோசலின்.

"எனக்கு வெளங்குது தங்கச்சி, மம்பட்டிக்குத்தான் வெளங்குதில்ல."

மண் வாரி முடித்து, அணைக்கட்டு ஓரத்தில் பாறைகளில் உட்கார்ந்து கூட்டம். வெடித்த சுவர் எல்லோருடைய கண் முன்னால் இருந்தது. மாஸ்டர் அதைக் காட்டிப் பேசினார், நன்றாகவே பேசினார். நான் வரைபடத்தை விரித்துப் பாதை எங்கே போகிறது என்று விரலால் காட்டினேன். பிறகு கடைசிப் பக்கத்தாரைப் பேசச் சொன்னேன். விற்க வேண்டாம் என்பார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர்களுக்காக ஃபைலில் கறை வாங்கியவன் நான், அவர்கள் மனம் எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு. அதுவும் பிழை.

ரோசலின் எழுந்தார். "விக்கத்தான் வேணும்" என்றார். "சுவரு போனா மொதல்ல காயறது எங்க போஞ்சிதான். நாங்க வேணாம்னு சொல்லல. லொறி நிக்கிற எடத்தையும் பாதையையும் விட்டுட்டு மிச்சத்த வித்துக்குங்க. அத காணி உறுதியில எழுதிக் குடுங்க."

"பாதை விட்டா அவர் வாங்க மாட்டாரும்மா" என்றார் மாஸ்டர். "விடுதி வாசல்ல கோவா மூட்டை போனா அவருக்குச் சரிவராதாம்."

"அப்ப அவரு விடுதிக்கு யாரு கோவா குடுக்கிறதாம்?" என்றார் சவரிமுத்து அண்ணன். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

ஹனிபா நானா மம்பட்டியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். "மொதத் தடவ நானும் கை தூக்கினேன். எட்டு வருஷமா அங்கதான் லொறிய நிப்பாட்டுறேன். கை தூக்கும்போது என் லொறி எங்க நிக்கும்னு நானே யோசிக்கல்ல பாருங்க. இந்தக் கையை நான் திருப்பி எடுத்துக்கிறேன்."

இரண்டு கேள்வியாக வைத்தேன். பாதையையும் சேர்த்து விற்பதற்கு மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. கடைசிப் பக்கத்தின் கைகள் இல்லாமல் அது கிடைக்கவும் கிடைக்காது. பாதையை உறுதியில் எழுதி விட்டுவிட்டு விற்பதற்குக் கிட்டத்தட்ட எல்லாக் கையும் மேலே போயிற்று. எல்லாக் கையிலும் சேறு. மாஸ்டர் கடைசியாகத் தூக்கினார். தூக்கினார் என்பதைச் சொல்ல வேண்டும்.

கொழும்புக்காரர் வாங்கவில்லை. அந்த மழையை ஊரே மணல் மூட்டை அடுக்கிக்கொண்டுதான் தாண்டியது. மாஸ்டரும் கடைசிப் பக்கத்தாரும் ஒன்றாக நின்று அடுக்கினார்கள், நானும் இரண்டு நாள் போனேன். அந்த நாட்களில் இரவு தூக்கம் வரவில்லை. சுவர் போயிருந்தால் உங்களிடம் வேறு கதை சொல்லிக்கொண்டிருப்பேன், அல்லது எதுவும் சொல்லியிருக்க மாட்டேன். நல்ல தீர்மானம் எடுத்தால் நல்லது நடக்கும் என்று யாராவது உங்களுக்குப் படிப்பித்தால் நம்பாதீர்கள். சுவர் நின்றது, அவ்வளவுதான். அதில் என் கெட்டித்தனம் ஒன்றும் இல்லை.

மறுவருஷம் பண்டாரவளைக்காரர் ஒருவர் சாப்பாட்டுக் கடை போட அந்தக் காணியைக் கேட்டார். விலை குறைவு. லொறி நிற்பதில் அவருக்குப் பிரச்சினை இல்லை, லொறிக்காரர்கள் சாப்பிடுவார்கள் என்றார். பாதையை உறுதியில் எழுதி விற்றார்கள். அந்தப் பணத்தில் அணைச் சுவரைக் கட்டினார்கள். மிச்சத்தில் வாய்க்காலுக்குச் சிமெந்து போடத் தொடங்கி, பாதி தூரத்தில் நிறுத்திவிட்டார்கள். சிமெந்து கடைசிப் பக்கம் வரை போகவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் விடைபெற அங்கே போனேன். மாலை ஐந்தே கால் இருக்கும். புதுக் கடைக்குப் பக்கத்தில் ஹனிபா நானாவின் லொறி நின்றது. பாதையால் ரோசலின் மூட்டையோடு ஏறி வந்தார். பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

எனக்கு மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "மொதல்ல வந்தவர் விலைக்கு வித்திருந்தா சிமெந்து ஒங்க பக்கம் வரைக்கும் வந்திருக்கும். எனக்கு அது ஒரு மாதிரித்தான் இருக்கு."

மூட்டையை இறக்கி மூச்சு வாங்கினார். "சிமெந்துக்கு மாஸ்டரோட சண்ட புடிச்சிக்கிட்டுத்தான் இருக்கோம். அத நாங்க பாத்துக்குவோம் சேர். அடுத்த கூட்டத்துக்கு நாங்கதான் நாள் சொல்லியிருக்கோம்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தண்ணி வாரத்துல ஒரு நாளு. மூட்ட வாரத்துல மூணு நாளு தூக்கணும். எனக்கு எது முந்தின்னு எனக்குத் தெரியாதா?"

பிறகு மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சும்மா நிக்காம அந்தப் பக்கம் புடிங்க சேர். நானா மணி பாக்குறாரு."

பையைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்தேன். இருவருமாகத் தூக்கி லொறியில் போட்டோம். விடைபெறும் வார்த்தை ஒன்றை வரும் வழியில் தயார் செய்து வைத்திருந்தேன். அதைச் சொல்ல வாயெடுத்தபோது அவர் ஏற்கெனவே பாதையில் இறங்கிக்கொண்டிருந்தார்.

"கீழ இன்னும் ரெண்டு மூட்ட இருக்கு" என்றார், திரும்பிப் பார்க்காமல்.